தலையை எண்ணுவோர் தலைமுறையை எண்ணட்டும்!

"பிள்ளைகள் குறைவு; ஆகவே பள்ளியை மூடு!" இப்படியொரு நீதி, மேதைகள் சிலரின் மூளையில் உதித்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ 28 விழுக்காட்டில் 30 பேருக்கும் குறைவாகவே பயில்கின்றனர் எனக் கணக்குக் காட்டுகிறது. சிறு பள்ளிகளால் செலவு கட்டுபடியாகாதாம்! இணைப்பதானால் பார்த்து இணையுங்கள் என்று எச்சரிக்கவும் செய்கிறது. பார்க்கப்போவது யார்? பேரேட்டைப் புரட்டும் கணக்கர்தானே!

அந்தக் கணக்கரைப் பாடாலூருக்கு அழைக்கிறேன். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் காரோட்டிச் செல்வோர் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடும் ஊர். 1995-இல் உருவான பெரம்பலூர் மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் 5,65,223 பேர். அவர்களில் நூற்றுக்கு 83 பேர் சிற்றூர்வாசிகள். 31 பேர் பட்டியல் வகுப்பார். வானம் பார்த்த பூமி, மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், இவையே வாழ்வு!

பிள்ளைகள் ஏன் குறைந்தனர், தோழர்களே? "அளவான குடும்பம்" என்று அரசு சொன்னது, தமிழகம் கேட்டது. 2019–21 ஆய்வில் தாய்க்குச் சராசரி 1.8 குழந்தை. சொன்னபடி நடந்தவனுக்குப் பரிசு, நாடாளுமன்றத்தில் இடம் குறையுமென்ற அச்சம். ஊரில் பள்ளி மூடுமென்ற மிரட்டல்! எஞ்சிய பிள்ளைகளிலும், பணம் கட்ட முடிந்தவர் வீட்டுப் பிள்ளையைத் தனியார் பள்ளி வேன் ஏற்றிச் செல்கிறது. ஊர்ப் பள்ளியில் மிஞ்சுவது யார்? வேறு போக்கிடமற்ற கூலிக்காரன் மகள்!

பட்டறையில் சேர்த்துவைத்த வெங்காயம் விலை சரிந்தால், வேனுக்குக் கட்டும் பணமும் நிற்கும். அன்று அந்தப் பிள்ளை திரும்பிவரும் இடம் எது? பூட்டிய கதவா? உழவனுக்குப் பயிர்க் காப்பீடு உண்டு. அவன் பிள்ளைக்கு ஊர்ப் பள்ளியே காப்பீடு!

பள்ளியை அடுத்த ஊருக்கு மாற்றிப் பாருங்கள். பொழுது புலருமுன் களையெடுக்கப் போகும் தாய், ஆறு வயதுச் சிறுமியைச் சாலை கடத்திவிட எங்ஙனம் வருவாள்? அக்காள் துணைக்கு நிற்பாள். பிறகு இருவருமே நிற்பர். பேரேட்டில் மிச்சம், வாழ்வில் நட்டம்!

1953-இல் அரைநாள் படிப்பு, அரைநாள் குலத்தொழில் என்றனர். நாடு கொதித்தது, 1954-இல் திட்டம் மடிந்தது. 1920-இல் நீதிக்கட்சியார் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் உணவளித்துப் பிள்ளைகளை அழைத்தனர். 2022-இல் காலை உணவும் வந்தது. சோறிட்டு அழைத்த மண்ணில், கதவடைத்து விரட்டுவதா?

கிளைத் தோழர்களே! மேடை முழக்கம் மட்டும் போதாது. தெருத்தெருவாய்ச் செல்லுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை ஒவ்வொன்றையும் ஊர்ப் பள்ளியில் சேர்த்திடுங்கள். உங்கள் பிள்ளையை முதலில் சேர்த்திடுங்கள்! ஆசிரியர் இல்லையேல் கேளுங்கள்; கூரை ஒழுகினால் கேளுங்கள்; ஆள்வோர் எவராயினும் கேளுங்கள்! பள்ளி, செலவுக் கணக்கன்று. ஏழையின் ஒரே சொத்து. அதை இழக்க ஒப்போம்!