நீலகிரி முதல் திம்பம் வரை: சைக்கிள்காரர்கள் தேடும் 'டிராஃபிக் இல்லாத' மலைச்சாலைகள் எப்படி அமைதியாயின?

வீக் எண்ட் வந்தால் கோவை, பெங்களூரு சைக்கிளிங் குரூப்களில் சுற்றிவரும் கேள்வி இது: "வண்டி தொல்லை இல்லாத மலை ரூட் எது ப்ரோ?" பதிலும் பெரும்பாலும் ஒரே திசையைத்தான் காட்டும். தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றும் முட்டிக்கொள்ளும் காட்டுப் பகுதி. மசினகுடி, முதுமலை, பந்திப்பூர், வயநாடு, இந்தப் பக்கம் திம்பம், ஆசனூர். 2008 முதல் 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' என்ற பல நாள் சைக்கிள் பயணமே இந்த மலைகளை நம்பித்தான் நடக்கிறது.

இந்தச் சாலைகள் தானாக அமைதியாக இருப்பவை அல்ல. நீதிமன்றமும் மாவட்ட நிர்வாகமும் உத்தரவு போட்டு, கேட் மூடி, வண்டிகளை எண்ணித்தான் இந்த அமைதி வந்திருக்கிறது. அது யாருக்காகக் கொண்டுவரப்பட்டது, அதனால் யாருக்கு நஷ்டம் என்பது தெரியாமல் ரூட் மட்டும் போட்டால் சிக்கல்தான்.

எந்த ரோட்டில் என்ன கட்டுப்பாடு?

பந்திப்பூரில் இருந்து தொடங்கலாம். மைசூரு - கோழிக்கோடு தேசிய நெடுஞ்சாலை (எண் 766), குண்டல்பேட்டையில் இருந்து கூடலூர், ஊட்டிக்கு வரும் சாலை, இரண்டும் பந்திப்பூர் புலிகள் காப்பகத்துக்குள் புகுந்து போகின்றன. வண்டியில் அடிபட்டு விலங்குகள் சாவதைத் தடுக்க, 2009-ல் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை வந்தது. நடுவில் அது விலக்கப்பட, விவகாரம் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2010-ல் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிகளுக்கும், எண்ணி விடும் சில அரசு பஸ்களுக்கும் மட்டும் அனுமதி. முதுமலைக்குள்ளும் இதே நேரத்தில் கேட் மூடப்படும்.

அடுத்தது திம்பம். பண்ணாரியில் தொடங்கி 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஆசனூர் வழியாகச் சாம்ராஜ்நகர் போகும் சாலை. இது 2013-ல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் நடுவே செல்கிறது. இங்கே இரவுத் தடைக்கு ஈரோடு மாவட்ட ஆட்சியர் 2019-லேயே உத்தரவு போட்டுவிட்டார். ஆனால் மூன்று வருஷம் அது காகிதத்திலேயே கிடந்தது. 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அமல்படுத்தச் சொன்ன பிறகுதான் கேட் விழுந்தது. சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 மணியில் இருந்தும், மற்ற வண்டிகளுக்கு இரவு 9 மணியில் இருந்தும் தடை. பின்னர் உள்ளூர் மக்களுக்குத் தளர்வு கிடைத்தது. அதிக பாரம் ஏற்றும் பெரிய லாரிகளுக்கான கட்டுப்பாடு தொடர்ந்தது.

மூன்றாவது, எல்லோருக்கும் தெரிந்த இ-பாஸ். சீசனில் ஒரு நாளைக்குச் சுமார் 20,000 வண்டிகள் நீலகிரிக்குள் வருகின்றன என்ற கணக்கு முன்வைக்கப்பட்டதும், 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் என்றது உயர் நீதிமன்றம். 2025 ஏப்ரல் முதல் எண்ணிக்கையும் வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி. உள்ளூர் வண்டிகளுக்கும் பஸ்களுக்கும் விலக்கு. மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று ஆராயும் வேலை ஐஐடி மெட்ராஸ், ஐஐஎம் பெங்களூருவிடம் தரப்பட்டது.

கல்லட்டி தனிக் கதை. மசினகுடியில் இருந்து ஊட்டிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகள். 2018-ல் சென்னையில் இருந்து போனவர்களின் கார் பள்ளத்தில் கவிழ்ந்து, இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. அதன் பிறகு வெளியூர் வண்டிகள் இந்த வழியாக இறங்க அனுமதி இல்லை, ஏறலாம். சைக்கிளில் கல்லட்டி ஏறுவதை நண்பர்களிடம் பெருமையாகச் சொல்பவர்களுக்கு எதிரே வண்டி அதிகம் வராததற்கு இந்த விபத்துதான் காரணம்.

இந்த அமைதியில் நஷ்டப்படுவது யார்?

தாளவாடிக்காரர்களைக் கேட்டால் தெரியும். ஈரோடு மாவட்டத்தில்தான் இருக்கிறது தாளவாடி. ஆனால் சத்தியமங்கலத்துக்கோ ஈரோட்டுக்கோ வர வேண்டும் என்றால் திம்பம்தான் வழி. அங்கே விளையும் காய்கறி விடியற்காலை மார்க்கெட்டைப் பிடிக்க வேண்டும் என்றால் இரவில்தான் மலை இறங்கியாக வேண்டும். தக்காளிக்கும் முட்டைக்கோசுக்கும் காலை 6 மணி வரை காத்திருக்கும் பொறுமை கிடையாது. 2022-ல் தடை வந்ததும் மலைக் கிராமங்களில் கடையடைப்பும் பண்ணாரியில் மறியலும் நடந்தது இதனால்தான். நள்ளிரவில் பிரசவ வலியோ நெஞ்சு வலியோ வந்தால் என்ன செய்வது என்ற பயமும் அந்தப் போராட்டத்தில் சேர்ந்திருந்தது. அவசர வண்டிக்கு அனுமதி உண்டு, சரி. ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரை கூட இருப்பவர் பதற்றத்தை எந்த உத்தரவும் குறைக்காது.

வயநாட்டிலும் இதே குரல். 2019-ல் உச்ச நீதிமன்றம், மாற்று வழியைப் பலப்படுத்திவிட்டு 766-ம் எண் சாலையைப் பகலிலும் மூடிவிடலாமா என்று மத்திய அரசிடம் கேட்டபோது, சுல்தான் பத்தேரியில் இளைஞர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மாற்று வழி என்று சொல்லப்படும் குட்டா - மானந்தவாடி பாதை சுற்று. பெங்களூருவில் படிக்கிற, வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு அது ஒவ்வொரு பயணத்திலும் கூடுதல் நேரம், கூடுதல் காசு.

மறுபக்கமும் லேசானதல்ல. முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு, சத்தியமங்கலம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே காடு. மாநில எல்லைக் கோடு மேப்பில் மட்டும்தான். ஆசிய யானைகள் உலகிலேயே அதிகமாக வாழும் நிலப்பரப்பு இது. யானைக் கூட்டம் தண்ணீர் தேடி ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் போக இந்தச் சாலைகளைக் கடந்தே ஆக வேண்டும். இரவு 9 மணி நேரம்தான் அதற்குத் தடையில்லாமல் கிடைக்கிறது. தடையைத் தளர்த்தலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் வனவிலங்கு ஆர்வலர்கள் கொதிப்பது இதை வைத்துத்தான். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்துக்கான செலவை மலையில் இருப்பவர் மட்டும் ஏற்க, நகரத்தில் இருந்து வருபவர் காலியான ரோட்டை வீடியோ எடுத்துப் போவது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

சைக்கிள் சத்தம் போடாதே, அதனால் யானைக்குத் தொந்தரவு இல்லைதானே?

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நிலைமை நேர் எதிர். கார், லாரி வருவது யானைக்கு முன்பே கேட்டுவிடும். வளைவில் சத்தமே இல்லாமல் பத்தடி தூரத்தில் வந்து நிற்கும் சைக்கிள்தான் அதைத் திடுக்கிட வைக்கும். திடுக்கிட்ட யானை, குறிப்பாகக் குட்டியோடு இருக்கும் யானை, யோசித்துக்கொண்டு நிற்காது.

கணக்கு போட்டுப் பாருங்கள். மசினகுடியில் இருந்து ஊட்டிக்கு ஏற வேண்டிய உயரம் சுமார் 1,300 மீட்டர். நன்றாகப் பயிற்சி எடுத்தவரே செங்குத்தான இடங்களில் மணிக்கு 7, 8 கி.மீ. வேகத்தில்தான் மிதிப்பார். யானை மணிக்கு 25 கி.மீ. வரை ஓடும். கார்க்காரருக்கு இருக்கும் தகரமும் கண்ணாடியும் சைக்கிள்காரருக்கு இல்லை.

2025 பிப்ரவரியில் வால்பாறை சாலையில் மோட்டார் சைக்கிளில் போன ஜெர்மனிக்காரர் ஒருவர் காட்டு யானை தாக்கி உயிரிழந்தார். அதே வருஷம் ஆகஸ்ட்டில் பந்திப்பூர் சாலையில் யானையைப் படம் எடுக்கப் போனவர் மிதிபட்டும் உயிர் தப்பினார், 25,000 ரூபாய் அபராதமும் கட்டினார். யானை மட்டுமா? 2021-ல் மசினகுடி, கூடலூர் பகுதியில் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 புலியைப் பிடிக்க வாரக்கணக்கில் தேடல் நடந்தது. 'அமைதியான ரூட்' லிஸ்ட்டில் முதலில் வரும் ஊர்தான் மசினகுடி.

திம்பம் பக்கம் இன்னொரு வகை. ஆசனூர், காரப்பள்ளம் பகுதியில் கரும்பு லாரிக்காக யானைகள் ரோட்டோரம் காத்து நிற்பது சமூக வலைதளத்தில் எல்லோரும் ரசித்த காட்சி. லாரியில் இருந்து கரும்பை வீசிப் பழக்கியது மனிதர்கள்தான். இப்போது வண்டி வந்தால் தின்பண்டம் வரும் என்று கற்றுக்கொண்ட யானைக்கு முன்னால், வாழைப்பழமும் எனர்ஜி பாரும் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் போவது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

அப்போ போகவே கூடாதா?

போகலாம், நேரமும் இடமும் பார்த்து. சமவெளியில் பழகியவர்கள் செய்யும் பெரிய தப்பு, வெயிலுக்கு முன் ஏறிவிடலாம் என்று காலை 6 மணிக்கே செக்போஸ்ட்டில் நிற்பது. கேட் திறந்ததும் இரவு முழுக்கக் காத்திருந்த லாரி, பஸ், கார் எல்லாம் ஒன்றாகப் பாயும். விலங்குகள் அதிகம் நடமாடும் நேரமும் அதுவே. வெளிச்சம் நன்றாக வந்த பிறகு போய், மாலை 4 மணிக்குள் காட்டுக்கு வெளியே வந்துவிடுவது நல்லது. செக்போஸ்ட்டில் இருக்கும் வனக் காவலரிடம் "முன்னாடி யானை இருக்கா அண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போவது எந்த ஆப்பையும் விட நம்பகமானது. சைக்கிளிங் ஆப்கள் யார் எந்த ரோட்டில் போனார்கள் என்று காட்டும், கேட் எத்தனை மணிக்கு விழும் என்று காட்டாது. அவர் வேண்டாம் என்றால், சைக்கிளை ஒரு பிக்-அப் வண்டியில் ஏற்றிக் காப்பகத்தைத் தாண்டுவதில் அவமானம் எதுவும் இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. எந்த உத்தரவும் போடாமலேயே அமைதியாக இருக்கும் சாலைகள் நீலகிரியில் இருக்கின்றன. அதற்கு மேல் ரோடு போகாத சாலைகள் அவை. கோத்தகிரியில் இருந்து கோடநாடு காட்சி முனைக்குப் போகும் ரோடு தேயிலைத் தோட்டங்களுக்குள் ஏறி இறங்கி அங்கேயே முடிந்துவிடும். ஊட்டியில் இருந்து எமரால்டு, மஞ்சூர் தாண்டி கிண்ணக்கொரை போனால் கேரள எல்லையில் மலை விளிம்போடு பாதை நின்றுவிடும், போன வழியில்தான் திரும்ப வேண்டும். வேறு ஊருக்குப் போகும் லாரிக்கு அங்கே வேலை இல்லை. புலிகள் காப்பகத்தின் நடுவே போவது போன்ற ஆபத்தும் குறைவு. அதற்காகக் காட்டெருமையும் கரடியும் இல்லை என்று அர்த்தம் இல்லை. நீலகிரியில் தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே அவை உலாவும். வளைவுக்கு முன் பெல் அடித்து, குரல் கொடுத்துப் போக வேண்டும்.

தண்ணீர் பாட்டிலை ஊரில் இருந்தே எடுத்துப் போங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு செல்லாது.