மெதுவாக நடப்பவரைக் கேலி செய்யாதீர்கள்!

சில மாதங்களுக்கு முன் லோதி தோட்டத்தில் காலை நடைக்குப் போயிருந்தேன். நம் சங்கத்து இளைஞர் ஒருவர், "என்ன சார், கூட்ஸ் வண்டி மாதிரி வருகிறீர்கள்? 220-லிருந்து வயதைக் கழியுங்கள். அதில் 70 சதவீதமாவது நாடி ஏறினால்தான் கொழுப்பு கரையும்" என்றார். எனக்கு வயது 67. கணக்குப்படி 107 வர வேண்டும். என் கைக்கடிகாரமோ 90-ஐத் தாண்ட மறுத்தது.

ரோஷம் வந்துவிட்டது. ரத்த அழுத்தத்திற்காகச் சாப்பிடும் மெட்டோபிரலாலை இரண்டு நாள் நிறுத்தினேன். மூன்றாம் நாள் மலை மந்திர் படியேறும்போது நெஞ்சு படபடத்து, இறுக்கிப் பிடித்தது. டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. உழைக்கும்போது உடலில் அட்ரினலின் சுரக்கிறது. அது இதயத்தை விரைவுபடுத்துவதோடு, கொழுப்புத் திசுவிலும் தசை நார்களுக்குள்ளும் சேமித்த கொழுப்பை அவிழ்த்து எரிபொருளாகக் கொடுக்கிறது. 'பீட்டா பிளாக்கர்' மாத்திரைகள் இந்த இரண்டு வேலையையும் மட்டுப்படுத்துகின்றன. கொழுப்பு வரத்து குறைந்தால், தசை தன் கையிருப்பான கிளைக்கோஜனை அதிகம் செலவிடும். அந்தக் கையிருப்போ கொஞ்சம்தான். ஆகவே நெடுநேரம் நடந்தால் கால் சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது. இது சோம்பல் அல்ல.

1960-களில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய ப்ரொப்ரனலால் போன்றவற்றில் இந்த விளைவு அதிகம். இதயத்தையே முக்கியமாகக் குறிவைக்கும் அட்டெனலால், மெட்டோபிரலால் ஆகியவற்றில் குறைவு; அறவே இல்லை என்று சொல்ல முடியாது. பிளாக் 1988-ல் நோபல் பரிசு பெற்றார். எத்தனையோ இதயங்களைக் காத்த மருந்து இது.

துக்ளகாபாத் டீசல் ஷெட்டில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்பதற்காக எஞ்சினின் கவர்னரைக் கழற்றி எறிகிற டிரைவரை நான் பார்த்ததில்லை. அந்த முட்டாள்தனத்தைத்தான் நான் செய்தேன். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் மாரடைப்பே வரலாம். குறைப்பதானாலும் டாக்டர் சொல்படி, படிப்படியாகத்தான்.

என் கருத்து இதுதான். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு 220 கணக்கு பொருந்தாது. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். நடையின் பலன் எங்கும் போய்விடாது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சர்க்கரை தாழ்ந்தால் வரும் படபடப்பை இந்த மாத்திரை மறைத்துவிடலாம், வியர்வைதான் எச்சரிக்கை.

இங்கே நம் பெரியவர்கள் பலருக்கு ஹிந்தி தகராறு. பிள்ளையோ மருமகளோ டாக்டரிடம் பேசுகிறார்கள், நாம் தலையாட்டிவிட்டு வருகிறோம். அடுத்த முறை போகும்போது, "இந்த மாத்திரையோடு அப்பா எவ்வளவு நடக்கலாம்?" என்று ஒரு கேள்வி கேட்டு வாருங்கள். டாக்டர்களும் கேட்காமலே சொன்னால் புண்ணியம்.

கூட்ஸ் வண்டியும் ஊர் போய்ச் சேருகிறதே, ஐயா!