துண்டும் பத்திரமும்

வரக்காப்பொல ஆதார வைத்தியசாலையில் வைத்தியரைக் காண்பதற்குக் கட்டணம் இல்லை. அங்கு இருப்பிலுள்ள மருந்துக்கும் விலை இல்லை. இல்லாத மருந்துக்கோ, வெளியில் வாங்கும்படி ஒரு துண்டு எழுதித் தரப்படுகிறது. அத்துண்டோடு மருந்துக்கடைக்கு நடக்கும் இறப்பர்த் தோட்டத் தொழிலாளிக்கு இலவச வைத்தியம் அவ்வாசலிலேயே முடிந்துவிடுகிறது. 2022 ஆம் ஆண்டு மருந்துப் பஞ்சத்தில் அத்துண்டின் கனத்தை நாடே உணர்ந்தது.

“எமக்குக் காப்புறுதி உண்டே!” என்பர் உத்தியோகம் பார்க்கும் நம் அன்பர். பத்திரத்தை அவர் படித்ததுண்டா? கட்டிலிற் கிடந்த நாட்களுக்கே பணம் தரும் பத்திரங்கள் பல. நீரிழிவுக்கு மாதந்தோறும் வாங்கும் குளிசைகள் அவற்றுள் அடங்கா. அடங்கினும் ஆண்டுக்கு இவ்வளவே என்ற வரம்பு உண்டு. முன்னரே இருந்த நோய் என்று கூறி விலக்குவதும் உண்டு. இவற்றைக் கையெழுத்திடுமுன் கேட்டறிதல் வேண்டும். கடைப் பற்றுச்சீட்டையும் துண்டின் பிரதியையும் பேணுதல் வேண்டும்.

தமிழும் ஆட்சிமொழியென அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987 இல். விலக்குகளைக் கூறும் பக்கத்தைத் தமிழில் கேட்பது சலுகையன்று.

வயலிலும் தோட்டத்திலும் உழைப்போர் பலருக்குப் பத்திரமே இல்லை. வணிகப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயரால் வாங்கினால் செலவு குறையும் என்று காட்டியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் அமைந்த அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவரே. அவ்வழியில் வாங்கிய நீரிழிவு, இரத்த அழுத்தக் குளிசைகள் கேகாலை மாவட்டத் தோட்ட மருந்தகங்கள் தோறும் மாதம் தவறாது இருத்தல் வேண்டும். சுகாதார அமைச்சிடம் நாம் கேட்பது இதுவே.