நாணயச் சேகரிப்பும் கொடுப்பனவு ஏகபோகமும்

நாணயம் சேகரித்தல் செல்வர்க்கு மட்டுமே உரிய விளையாட்டு என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியுள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு அவ்வெண்ணத்தைப் பொய்ப்பிக்கின்றது. 1930களின் பொருளாதார மந்த காலத்திலே, ஆண்டு வாரியாகத் துளையிடப்பட்ட மலிவான அட்டைகள் அங்கு கடைகளுக்கு வந்தன. கைக்கு வந்த சில்லறையிலிருந்து லிங்கன் சதங்களைப் பொறுக்கி அத்துளைகளை நிரப்பிய சாதாரண மக்களே இப்பொழுதுபோக்கினை வெகுசனங்களுக்கு உரியதாக்கினர். 1964ஆம் ஆண்டு பொறித்த பத்துச் சத நாணயம் வரை நூற்றுக்கு 90 பங்கு வெள்ளி இருந்தது. 1965ஆம் ஆண்டின் சட்டம் அவ்வெள்ளியை நீக்கியபோது, பழைய நாணயங்களைத் தேடியெடுத்துப் போத்தல்களிலே சேர்த்துவைத்த குடும்பங்கள் பல. 1999 முதல் 2008 வரை 50 மாநிலங்களுக்கும் தனித்தனியே வெளியிடப்பட்ட கால் டொலர் நாணயங்கள் மற்றொரு தலைமுறையை இத்துறைக்கு ஈர்த்தன.

சேகரிப்பாளன் வணிகன் அல்லன். ஆயினும் அவன் விற்றேயாக வேண்டும். ஒரே ஆண்டின் நாணயம் இரண்டு கிடைப்பின் ஒன்றை விற்று, இல்லாத ஆண்டின் நாணயத்தை வாங்குவதே இப்பொழுதுபோக்கின் இயல்பு. முன்பு இக்கொடுக்கல் வாங்கல் சங்கக் கூட்டங்களிலும் நாணயக் கண்காட்சிகளிலும் நடைபெற்றது. 1995இல் தோன்றிய ஈபே என்னும் இணைய ஏலக்களம் அதனை நாடு முழுவதற்கும் விரித்தது. சிற்றூரில் வாழும் ஓய்வூதியரும் தம்மிடமுள்ள மேலதிக நாணயத்தைத் தொலைதூர நகரத்தவர்க்கு விற்கும் வாய்ப்புப் பெற்றனர். இந்நன்மையை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால், சந்தையைத் திறந்தவர்களே பின்னர் அதன் வாயிலுக்குப் பூட்டிட்டனர். தொடக்கத்திலே காசோலையும் காசுக்கட்டளையும் தபாலில் வந்தன. விற்பவரும் வாங்குபவரும் தமக்குள் உடன்பட்ட வழியிலே பணம் கைமாறிற்று. 2002இல் ஈபே, பேபால் என்னும் கொடுப்பனவு நிறுவனத்தை ஏறத்தாழ 150 கோடி டொலருக்கு விலைக்கு வாங்கிற்று. 2008இன் இறுதியிலே அமெரிக்கக் களத்தில் மிகப் பெரும்பாலான பொருள்களுக்குக் காசோலையும் காசுக்கட்டளையும் விலக்கப்பட்டன. 2015இல் இரு நிறுவனங்களும் பிரிந்தன. 2018இல் ஈபே, நெதர்லாந்தின் அட்யென் நிறுவனத்தைத் துணைக்கொண்டு கொடுப்பனவைத் தானே நடத்தப்போவதாக அறிவித்தது. 2021ஆம் ஆண்டளவில், தமது வங்கிக் கணக்கினையும் வரி அடையாள இலக்கத்தையும் ஒப்படைத்து அம்முறையிற் சேராதோர் அக்களத்திலே பொருளை விற்பனைக்கு வைக்கவே இயலாது என்னும் நிலை உருவாயிற்று.

இதனை வசதி என்றனர், எளிமை என்றனர், பெரும்பாலான விற்பனையாளருக்குச் செலவு குறையும் என்றனர். பெரும்பாலானோர் என்னும் சொல்லுக்குள்ளே மறைந்துபோனவர் யாவர்? இரண்டு டொலர் நாணயத்தை விற்கும் சிறு சேகரிப்பாளரே அவர். முன்னர் பேபால் நிறுவனத்திலே சிறுதொகைக்கெனத் தனிக் கட்டணம் ஒன்று இருந்தது: நூற்றுக்கு 5 பங்கும் மேலதிகமாக 5 சதமும். இரண்டு டொலர் விற்பனைக்கு அது மொத்தம் 15 சதமாகும். புதிய முறையிலே ஒவ்வொரு கட்டளைக்கும் நிலையான கட்டணம் மட்டுமே 30 சதமாயிற்று. நூற்றுவீதத் தரகு அதற்குப் புறம்பானது. ஆயிரம் டொலர் பெறுமதியான நாணயத்தை விற்பவருக்கு இது தூசு. இரண்டு டொலர் நாணயத்தை விற்பவருக்கு இது விலையில் ஏழிலொரு பங்கு. மேலும், மாநில விற்பனை வரியையும் தபாற் செலவையும் உள்ளடக்கிய மொத்தத் தொகையின் மீதே தரகு கணிக்கப்படுகின்றது. தம் கைக்கு வராத வரிப்பணத்திற்கும் விற்பவர் தரகு செலுத்துகின்றார். இதனை நீதி என்று எவ்வாறு கூறுவது?

கட்டணத்தினும் பெரியது அதிகாரம். நாணயத்தின் தரம் 70 புள்ளிகள் கொண்ட அளவுகோலாலே மதிப்பிடப்படுகின்றது. ஒரு புள்ளி வேறுபாடு விலையைப் பன்மடங்காக்கவும் கூடும். தேர்ந்தோரும் கருத்து வேறுபடும் இத்துறையிலே, வாங்கியவர் குறைகூறின் தீர்ப்பளிப்பவர் யார்? சந்தையின் உரிமையாளரே. தீர்ப்பை நிறைவேற்றுபவர் யார்? பணப்பெட்டியைக் கையில் வைத்திருக்கும் அதே உரிமையாளரே. பணத்தை நிறுத்திவைக்கவும், போதாவிடின் விற்பவரின் வங்கிக் கணக்கிலிருந்து அறவிடவும் ஒப்பந்தம் இடமளிக்கின்றது. நல்ல நாணயத்தைப் பெற்றுக்கொண்டு தேய்ந்ததொன்றைத் திருப்பியனுப்பும் மோசடிக்காரன் முன், சிறு விற்பனையாளர் சான்றின்றி நிற்கின்றார். சந்தையும் வங்கியும் நீதிமன்றமும் ஒரே கூரையின் கீழ் அமையுமிடத்து, வழக்காடுபவருக்கு முறையிட வேறு வாயில் இல்லை.

இக்கொடுப்பனவு நிறுவனங்களையே அரசும் தன் கணக்கப்பிள்ளைகளாக்கிக்கொண்டது. இணையவழிக் கொடுப்பனவுகளை இறைவரிச் சேவைக்கு அறிவிக்கும் 1099-கே என்னும் படிவத்துக்கு நெடுங்காலம் 20,000 டொலரும் 200 விற்பனைகளும் எல்லையாக இருந்தன. 2021ஆம் ஆண்டின் சட்டம் அதனை ஒரே வீச்சில் 600 டொலராகக் குறைத்தது. கண்டனம் எழுந்தது, நடைமுறைப்படுத்தல் ஆண்டுதோறும் பிற்போடப்பட்டது, ஈற்றில் 2025 ஜூலையிலே பழைய எல்லையே மீளவும் சட்டமாயிற்று. நான்காண்டுகளாகச் சிறு சேகரிப்பாளரை அச்சத்தில் ஆழ்த்திய பின்னரே இத்தெளிவு பிறந்தது.

எல்லை மீண்டமையால் அநீதி முற்றாக நீங்கிவிடவில்லை. அப்படிவம் காட்டுவது இலாபத்தையன்று. தரகும் தபாற் செலவும் கழிக்கப்படாத மொத்த வரவையே. 1970களிலே கண்காட்சியொன்றில் ரொக்கமாக வாங்கிய நாணயத்துக்குப் பற்றுச்சீட்டு எங்கே? தந்தை விட்டுச்சென்ற போத்தலுக்குள் இருந்த வெள்ளிக்காசின் அடக்கவிலையை யார் நிறுவுவது? நீண்டகாலம் வைத்திருந்து விற்கும் பங்குகளின் இலாபத்துக்கு உச்ச மூலதன வரி நூற்றுக்கு 20 ஆக இருக்க, சேகரிப்புப் பொருள்களுக்கு அது 28 ஆக உள்ளது. பொழுதுபோக்கு என வகுக்கப்பட்ட முயற்சியின் செலவுகளைக் கழித்துக்கொள்ளும் உரிமையோ 2018 முதல் நிறுத்தப்பட்டு, 2025இல் நிரந்தரமாகவே நீக்கப்பட்டது. வரி வாங்கும்போது வருமானம். செலவைக் கழிக்கும்போது விளையாட்டு! இவ்விரட்டை அளவுகோலைச் சேகரிப்பாளர் கேள்விக்குட்படுத்துவதில் வியப்பில்லை.

களவுப்பொருள் விற்போரையும் போலி நாணயம் பரப்புவோரையும் வரி ஏய்ப்போரையும் தடுக்க இவை வேண்டும் என்பர் சிலர். போலிகள் மலிந்துள்ளமை உண்மையே. ஆனால், போலியைப் பிடிப்பதற்கு நாணயத்தை ஆராய வேண்டுமேயன்றி, பணம் செல்லும் வழியை ஒருவருக்கே உரிமையாக்க வேண்டியதில்லை. பிரதி நாணயங்களிலே பிரதி என்று பொறிக்கவேண்டும் என 1973ஆம் ஆண்டின் பொழுதுபோக்குப் பாதுகாப்புச் சட்டம் விதித்தது. 2014இல் அது மேலும் வலுப்படுத்தப்பட்டது. அச்சட்டத்தை ஊக்கத்துடன் செயற்படுத்துவதே போலிக்கு மருந்து. வரி ஏய்க்கும் பெருவணிகனைப் பிடிக்க விரித்த வலையிலே இரண்டு டொலர் விற்பனையாளரைச் சிக்கவைப்பது நிருவாகத் திறமையாகாது.

இதற்கு மாற்றில்லை என்பதும் பொய். 2008இலே அவுஸ்திரேலியாவில் ஈபே தன் களத்தின் கொடுப்பனவுகளைப் பேபால் வழிக்கே உரியவையாக்க முயன்றது. அந்நாட்டின் போட்டி, நுகர்வோர் ஆணைக்குழு அதனை ஏற்கமுடியாதெனத் தன் வரைவு முடிவிலே சுட்டியது. சில வாரங்களுள் நிறுவனம் தன் திட்டத்தை மீளப்பெற்றது. பொது அதிகாரம் விழிப்புடன் இருந்த இடத்திலே தனியுரிமை பின்வாங்கிற்று என்பதே இதன் பாடம். அதே வேளை, அமெரிக்காவில் காசோலை விலக்கப்பட்டபோது அத்தகைய தடை எழவில்லை.

ஆகவே வேண்டப்படுவன மூன்று. விற்பவரும் வாங்குபவரும் உடன்படும் எந்தச் சட்டபூர்வமான கொடுப்பனவு வழிக்கும் சந்தை இடமளித்தல் வேண்டும். தரகு, பொருளின் விலைமீது மட்டும் கணிக்கப்படல் வேண்டும்; வரியின் மீதன்று. பணம் பற்றிய பிணக்குகளைச் சந்தையின் உரிமையாளரல்லாத, துறையறிவுடைய நடுவர் விசாரித்தல் வேண்டும். இவற்றைத் தனிமனிதர் கேட்பின் எவரும் செவிசாய்க்கப்போவதில்லை. 1891இல் தோன்றிய அமெரிக்க நாணயவியற் சங்கமும் ஊர்தோறும் இயங்கும் சிறு சங்கங்களும் ஒருமித்துக் கேட்டல் வேண்டும். களத்தை முற்றாக நம்பியிராது, தம் கூட்டங்களிலே நேரடிப் பரிமாற்றத்தையும் மீள வளர்த்தல் வேண்டும்.

இரண்டு டொலர் நாணயத்தைப் பற்றி இத்துணை ஆரவாரம் ஏன் என்று எவரேனும் வினவலாம். அந்நாணயத்தைத் தேடியெடுத்தவரும், அதன் ஆண்டை அறிந்தவரும், அதற்கு விலை நிர்ணயித்தவரும் சேகரிப்பாளரே. அதனை விற்ற பணம் எப்போது, எவ்வழியே, எவ்வளவு குறைந்து அவர் கைக்கு வரும் என்பதை மட்டும் வேறொருவர் தீர்மானிக்கின்றார். தொகை சிறிது என்பதனால் அவ்வுரிமையிழப்பும் சிறிதாகிவிடாது.