ஆக்கிரமிப்பாளர் யார்?

தீபாவளி நெருங்கும் நாள்களில் கோவை ஒப்பணக்காரத் தெருவிலும் காந்திபுரம் கிராஸ்கட் சாலையிலும் நடந்து பாருங்கள். பெருங்கடைகளின் கண்ணாடிக் கதவுகளுக்கு முன்னே, தார்ப்பாய் அகலத்தில் இன்னொரு கடைவீதி விரிந்து கிடக்கும். பிள்ளைகளின் சட்டை, வளையல், கைக்குட்டை, செருப்பு என்று கூலித் தொழிலாளியின் குடும்பத்திற்கும் எட்டும் விலையில் பண்டிகை அங்கே விற்கப்படுகிறது. ஆயினும், நகரின் நெரிசலைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் முதலில் கூண்டில் ஏற்றப்படுகிறவர் அந்த வியாபாரியே. 'ஆக்கிரமிப்பு' என்னும் ஒரு சொல்லில் அவர் வழக்கு முடிந்துவிடுகிறது.

சட்டம் அவ்வளவு எளிதாகத் தீர்ப்பெழுதவில்லை. ஒழுங்குமுறைக்கு உட்பட்டுத் தெருவோரம் வணிகம் செய்வதும் அரசியலமைப்பு அளித்த தொழில் உரிமையே என்று 1989இல் சோடன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் வழங்கும் வரை எவரையும் அகற்றலாகாது. அகற்றுவதாயினும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம். நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டிற்குக் குறையாத இடம் வியாபாரிகளுக்கே; அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு.

"நடைபாதை நடப்பவர்க்கு அன்றோ?" என்பர். நியாயமான கேள்வி. அதை எல்லாரிடமும் கேட்போமா? நடைபாதையில் ஏறி நிற்கும் காரிடமும், சாலை வரை இறங்கிவந்த கடைப்படிகளிடமும், வழிமறிக்கும் விளம்பரப் பலகையிடமும் கேட்போமா? கூடைக்கு ஒரு நீதி, காருக்கு ஒரு நீதி என்றால் அது ஒழுங்கு ஆகாது; எளியோரை அகற்றும் ஏற்பாடே ஆகும்.

கொங்கு மண்ணுக்கு இது புதிய சிக்கலும் அன்று. பொள்ளாச்சி, அவிநாசி, புளியம்பட்டி என ஊர்தோறும் வணிகனுக்கு ஓரிடமும் ஒரு நாளும் ஒதுக்கிச் சந்தை வளர்த்தவர்கள் நம் முன்னோர். 1999இல் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம், கோவை ஆர்.எஸ்.புரத்திலும் சிங்காநல்லூரிலும் உழவனுக்குக் கூரையும் தராசும் தந்தது. மனம் இருந்தால் இடம் உண்டு என்பதற்கு இவையே சான்று.

எனவே, வாங்குவோராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. மாலையில் அவரிடம் மலிவாய் வாங்கிவிட்டு, காலையில் அவரை இடையூறு என்று ஏசுவது அறமாகாது. அவருடைய சரக்கு வேண்டுமெனில், அவர் நிற்க ஓரிடமும் வேண்டும் என்று கேட்போம்.