பலகை என்ன சுமந்து வந்தது?



சென்ற மாதம் குறிஞ்சிப்பிட்டியில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எழும்பும்போது ஓர் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மகள், நீங்க சொன்ன பலகையில பேரனுக்குக் கட்டில் அடிக்கப் போறன். ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்க" என்றார்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு புத்தளத்துக்கு வந்த குடும்பங்களில் ஒன்று அவருடையது. முகாம் வாழ்க்கையில் பிள்ளைகளைப் பாயில் வளர்த்தவர். பேரனாவது கட்டிலில் படுக்கட்டும் என்பது அவருடைய ஆசை.

முற்றத்தில் நான்கு 'பலட்'டுகள் இருந்தன. கொள்கலன்களிலும் களஞ்சியங்களிலும் சாமான்களை அடுக்குவதற்கு அடியில் வைக்கும் பலகைத் தட்டைத்தான் பலட் என்கிறோம். பழைய சாமான் கடையில் மலிவாக வாங்கியிருந்தார். மூன்று நன்றாக இருந்தன. நான்காவதில் மஞ்சள் கறை படிந்திருந்தது. குனிந்து பார்த்தேன். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தின் நெடி மூக்கில் ஏறியது. அகலமான பலகை என்று அதைத்தான் தலைமாட்டுக்கு ஒதுக்கி வைத்திருந்தார்.

பிழை அவருடையதல்ல. பலட்டைக் கழற்றி மலிவாகத் தளபாடம் செய்யலாம் என்று மூன்று மாதங்களுக்கு முன் கூட்டத்தில் சொன்னவள் நான். எந்தப் பலகை ஆகும், எது ஆகாது என்று சொல்லவில்லை. சமூகவியல் படித்த எனக்கு அன்று அது தெரியாது. பின்னர் தச்சுத் தொழில் செய்பவர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டவற்றை இம்முறை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் முத்திரையைத் தேடுங்கள். மரத்தோடு பூச்சிகள் நாடுவிட்டு நாடு போகாமல் தடுக்க 2002ஆம் ஆண்டில் சர்வதேச விதியொன்று கொண்டுவரப்பட்டது. அதன்படி பதப்படுத்திய பலட்டின் பக்கக் கட்டையில் கோதுமைக் கதிர் போன்ற அடையாளம் இருக்கும். பக்கத்தில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும் ஓர் இலக்கமும் இருக்கும். கூடவே 'எச்.ரி.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் சூட்டில் 30 நிமிடங்கள் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மருந்து சேர்க்கப்படவில்லை. 'எம்.பி.' என்று இருந்தால் மெதைல் புரோமைட் என்ற நச்சு வாயுவால் புகையூட்டியிருக்கிறார்கள். அதை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். பள்ளிக்குப் போகும் பிள்ளையைக் கூட்டிச் சென்று வாசிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் முத்திரை மட்டும் போதாது. சூடு மரத்திலுள்ள பூச்சியைத்தான் கொல்லும். அதன்பின் அந்தப் பலட் உரத்தைச் சுமந்ததா, கிருமிநாசினியைச் சுமந்ததா என்பதை முத்திரை சொல்லாது. கற்பிட்டிப் பக்கம் மணல் தோட்டங்களில் எவ்வளவு மருந்து அடிக்கிறோம் என்பது நமக்குத் தெரியும். மரம் ஊறியதை எளிதில் விடாது. 2010இல் அமெரிக்காவில் 'டைலனோல்' மாத்திரைகளில் பூஞ்சண நாற்றம் வந்து, அவற்றைக் கடைகளிலிருந்து திருப்பி எடுத்தார்கள். பலட் மரத்தில் பூசிய இரசாயனமே காரணம் என்று பிறகு தெரிந்தது. மூடிய போத்தலுக்குள்ளேயே போயிருக்கிறதென்றால், தலைமாட்டுப் பலகையை யோசித்துப் பாருங்கள்.

எனவே கடைக்காரரிடம், "இது எங்கிருந்து வந்தது? எதை ஏற்றினது?" என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் கண்ணையும் மூக்கையும் நம்புங்கள். கறை, எண்ணெய்ப் பிசுக்கு, மருந்து நெடி, பூஞ்சணம், பெயின்ற் இவற்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

நல்ல பலகை கிடைத்த பின்னும் அவதானம் வேண்டும்.

ஆணிகளைப் பிடுங்கி ஒரு ரின்னில் போடுங்கள். நமது முற்றம் மணல். விழுந்த ஆணி மறைந்துவிடும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள். வேலை முடிந்ததும் பழைய ரேடியோவின் ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டி மணலில் இழுங்கள். தவறிய ஆணிகள் ஒட்டிக்கொண்டு வரும். ஆணி குத்தினால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்பு ஊசி பற்றிக் கேளுங்கள். சின்னக் காயம் என்று விட வேண்டாம்.

சான்ட் பேப்பரால் தேய்ப்பதை வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி இருந்து செய்யுங்கள். முக்காட்டுத் துணி தூளை மறிக்காது, மாஸ்க் போடுங்கள். பிள்ளைகளைத் தூர வையுங்கள்.

கறையானுக்கென்று கழிவு ஒயில் பூசும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது தோலுக்கும் மூச்சுக்கும் கேடு. வீட்டுக்குள் வேண்டாம். கால்களுக்குக் கீழே கல் வைத்து மண்ணிலிருந்து உயர்த்தினால் கறையான் ஏறுவதை நேரத்தோடு காணலாம்.

கைக்குழந்தையின் தொட்டிலுக்கும், மீன், மரக்கறி வெட்டும் பலகைக்கும் பலட்டைப் பாவிக்காதீர்கள். குழந்தை கடிக்கும், பலகை ஈரத்தை உறிஞ்சும். புத்தகத் தட்டு, வாங்கு, பெரிய பிள்ளையின் கட்டில் ஆகியவற்றுக்குப் பொருந்தும்.

முக்கியமான ஒன்று: மிஞ்சிய துண்டுகளை அடுப்பில் வைக்காதீர்கள். 'எச்.ரி.' முத்திரையுள்ள, கறை இல்லாத துண்டை மட்டும் எரிக்கலாம். மற்றவை எரிந்தால் அதன் நஞ்சு புகையோடு குசினிக்குள் நிற்கும். அந்தப் புகையில் இருப்பது நாமும் நம் மடியிலுள்ள பிள்ளையும்தான். உப்புநீரில் ஊறிக் கரையொதுங்கும் பலகையும் அடுப்புக்கு ஆகாது.

அந்த உம்மாவிடம் இவற்றைச் சொன்னபோது, "காசு குடுத்து வாங்கினதை எறியிறதா மகள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இருவருமாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் காசைத் திருப்பித் தரவில்லை. ஆனால் வேறொரு பலட் மாற்றித் தந்தார். இப்போது பேரன் கட்டிலில் படுக்கிறான்.

கறை படிந்த அந்தப் பலட்டைக் கடைக்காரர் திரும்பவும் குவியலில்தான் போட்டார். அடுத்ததாக யாரோ ஒரு தாய் அதை மலிவு என்று வாங்கக்கூடும். ஆகவே இதை வாசித்ததும் பக்கத்து வீட்டுச் சகோதரிக்கும் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.