சால்வை இருக்கு, பத்திரிகை இல்லை

எங்க ஊர் எரிவாயு தகன மேடைக்குப் பொறுப்பாளர் ஒரு மிலிட்டரிக்காரர். மெட்ராஸ் ரெஜிமென்ட். 1987ல் இந்திய அமைதிப்படையோட யாழ்ப்பாணம் போனவர். அந்தப் படை போனது சரியா தப்பாங்கிறது வேற பேச்சு. 1990 மார்ச்சுல அது திரும்புறதுக்குள்ள செத்த நம்ம சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் மேல. 1999 கார்கிலுக்கு முன்னாடி, களத்துல செத்தவங்க உடம்பு பெரும்பாலும் வீட்டுக்கு வராது. அங்கேயே பக்கத்துல எரிச்சுட்டு சாம்பலைத்தான் அனுப்புவாங்க. அப்படிக் கூட இருந்தவனுக்குக் கொள்ளி வச்ச கை அவரோடது.

ஆகஸ்ட் 15 வந்தா ஸ்கூல்ல கூப்பிட்டுச் சால்வை போடுறாங்க. மைக்குல அவர்தான் எல்லைச்சாமி. கல்யாணப் பத்திரிகை மட்டும் ஒருத்தரும் வைக்கிறதில்லை. "சுடுகாட்டுல வேலை பார்க்கிறவர், நல்ல காரியத்துக்கு எப்படி..."னு இழுக்கிறாங்க. ஏங்க, ரெண்டும் ஒரே ஆள்தானே? என் மகள் கல்யாணத்துக்கு நான் கூப்பிட்டேன். வந்தார், முதல் பந்தியில உட்கார்ந்தார். எதிர் வரிசையில இருந்த எங்க சொந்தக்காரர் ஒருத்தர் பாதிச் சாப்பாட்டுல இலையை மூடிட்டு எழுந்து போயிட்டார். அந்தச் சொந்தக்காரரோட அம்மாவை எரிச்சு, எலும்பு பொறுக்கிக் கலயத்துல போட்டுக் கொடுத்தவரே இவர்தான்! இன்னைக்கு நினைச்சாலும் எனக்கு நெஞ்சு கொதிக்குது.

அந்தத் தகன மேடையில போய் அரை நாள் உட்கார்ந்து பாருங்க. டாக்டர் சர்டிபிகேட் கேட்டா சண்டை. ஆதார் நகல் கேட்டா, "பொணத்தை வச்சுக்கிட்டு ஜெராக்ஸ் கேக்கிறியா?"னு கைநீட்டல். 21 நாளுக்குள்ள இறப்பைப் பதியப் போறப்ப அவர் கொடுக்கிற ரசீதைத்தானே தேடுவாங்க? நிலம், பேங்க், இன்சூரன்ஸ் எல்லாத்துக்கும் அந்த இறப்புச் சான்றிதழ்தானே வேணும்? பிளாஸ்டிக் மாலையையும் நைலான் சேலையையும் எடுத்துட்டு வைங்கன்னா, "எங்க சம்பிரதாயம் உனக்குத் தெரியுமா?"ங்கிறாங்க. உள்ளே பேஸ்மேக்கர் இருந்தா வெடிக்கும், முன்னாடியே சொல்லுங்கன்னா அதுக்கும் கோபம். குடிச்சுட்டு வர்றவங்க வெடி வெடிக்கிறது தனிக்கதை.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம். சில பேர் மெதுவா அவர் பக்கத்துல வந்து, "எங்களுக்கு முன்னாடி யாரை எரிச்சீங்க? எந்தத் தெரு?"ன்னு கேட்பாங்க. புரியுதா, எதுக்குக் கேக்கிறாங்கன்னு? சாம்பல்லகூட சாதி பார்க்கிறாங்க. 2019 ஆகஸ்ட்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்துல, வழி விடாததால ஒரு தலித்தோட உடம்பைப் பாலத்து மேல இருந்து கயிறு கட்டி ஆத்துக்குள்ள இறக்கினாங்களே, ஞாபகம் இருக்கா? ஐகோர்ட் தானாவே அந்த விஷயத்தைக் கையில எடுத்தது. அப்புறமும் எங்க ஊர்ல இந்தக் கேள்வி நிக்கலை. மிலிட்டரிக்காரர் ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை. நோட்டை மூடி வச்சுட்டு, "அடுத்த டோக்கன் வாங்க"ன்னுதான் சொல்லுவார்.

சம்பளமாவது ஒழுங்கா வருதா? காண்ட்ராக்ட்காரர் மூணு மாசத்துக்கு ஒரு தடவை சேர்த்துக் கொடுப்பார், அதுவும் குறைச்சு. கேட்டா, "உங்களுக்குத்தான் மிலிட்டரி பென்ஷன் வருதே"ங்கிறார். என்ன நியாயம் இது? பென்ஷன் அன்னைக்கு உயிரைக் கொடுக்கத் துணிஞ்சு நின்னதுக்கு. இது இன்னைக்குப் பார்க்கிற வேலைக்குக் கூலி. அந்தப் பென்ஷனும் சும்மா வருதா? வருஷா வருஷம் ஆயுள் சான்று கொடுக்கணும். தேஞ்சு போன விரல் மெஷின்ல பதியாது. ஈ-சேவை மையத்துல வரிசையில நின்னு, துடைச்சுத் துடைச்சு வைக்கிறார். நானே கூட நின்னு பார்த்திருக்கேன்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்கு மனு எழுதி வச்சிருக்கேன். பாக்கிச் சம்பளம், தகன மேடையில அவர் உட்கார்ற ரூமுக்கு ஒரு குடிதண்ணிக் குழாய், அவ்வளவுதான் கேட்டிருக்கேன். என் கையெழுத்து ஒண்ணுதான் இருக்கு. வீட்டுல சாவு விழாத ஆள் இந்த ஊர்ல யார் இருக்கா? வந்து போடுங்களேன்.